பழைய ஃபைலைத் திறக்காதீர்கள்

ஜூலை பிறந்துவிட்டால் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தம்பிகளிடமிருந்து போன் வர ஆரம்பிக்கும். "அண்ணே, 23ஆம் தேதிக்கு பேனர் போடணும். போன வருசத்து ஃபைலு கடையிலயே இருக்காம். அதத் தெறந்து பேரையும் வருசத்தையும் மட்டும் மாத்திரச் சொல்லிரட்டுமா?" ஏப்ரல் 14க்கும் செப்டம்பர் 11க்கும் டிசம்பர் 6க்கும் இதே கேள்விதான். ஒவ்வொரு முறையும் நான் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: வேண்டாம், புதிய ஃபைல் ஒன்றைத் திறங்கள். ஏன் என்று போனில் விளக்க முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். போட்டோஷாப்பில் புதிய ஃபைல் திறப்பது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தில் நாம் நிரப்பும் நான்கைந்து கட்டங்களில் நம் அரசியல் இருக்கிறது.

எந்த 23 என்று தெரியாத மாணவர்களுக்காகச் சொல்கிறேன். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், சிறையில் அடைக்கப்பட்ட தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனது. கொக்கிரகுளத்தில் காவல்துறை தடியடி நடத்தியது. அடி தாங்க முடியாமல் ஆற்றில் இறங்கியவர்களையும் விடவில்லை. 17 பேர் செத்துப்போனார்கள். அதில் இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை. ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படத்தைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் கட்சிகளும் இயக்கங்களும் தாமிரபரணியில் மலர் தூவுகின்றன. நம் ஊர்களில் பேனர் நிற்கிறது.

அந்தப் பேனர் எப்படி இருக்கிறது என்பதுதான் என் கவலை.

நம் பகுதிப் பிளக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் பிறந்துவிட்டால் அதற்குச் சாவே கிடையாது. மாசித் திருவிழாவுக்குப் போட்டது கல்யாணத்துக்கு ஆகும். கல்யாணத்துக்குப் போட்டது சடங்கு வீட்டுக்கு ஆகும். அதுவே கொஞ்சம் கருப்பு பூசிக்கொண்டு கண்ணீர் அஞ்சலிக்கும் வந்து நிற்கும். மேலே வட்டத்துக்குள் தலைவர்கள் வரிசை. நடுவில் விழா நாயகன். பின்னால் தீப்பொறி, சிங்கம், வாள், கிரீடம், சில சமயம் குதிரை. கீழே கைகூப்பியபடி பணம் போட்டவர்களின் முகங்கள். போட்ட பணத்துக்கு ஏற்ற அளவில் முகம்.

இந்த அமைப்பை நாம் உருவாக்கவில்லை. 'ஆண்ட பரம்பரை' என்று மார்தட்டுகிற சாதிச் சங்கங்களின் பேனர்களிலும் கட்சிக்காரர்களின் பிறந்தநாள் பேனர்களிலும் பார்த்துப் பழகியதை அப்படியே எடுத்துக்கொண்டோம். யார் மேலே, யார் கீழே, யாருக்கு எவ்வளவு இடம் என்பதை அந்த டெம்ப்ளேட் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. அதில் நம் ஆட்களின் படத்தை ஒட்டினால் படம் மாறும். வரிசை மாறாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்து முக்கில் ஜூலை 23 பேனர் ஒன்று பார்த்தேன். 'தாமிரபரணிப் போராளிகளுக்கு வீரவணக்கம்' என்று ஒரு வரி. பணம் போட்ட 26 பேரின் படமும் பேரும் இருந்தன. செத்துப்போன 17 பேரில் ஒருவர் பேர்கூட இல்லை. பின்னால் ஒரு சிங்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 26 பேருக்குக் கட்டம் ஏற்கனவே போட்டு வைத்திருந்த ஃபைல் அது. 17 பேருக்கு அதில் இடமே கிடையாது.

எனவே தோழர்களே, கன்ட்ரோல் விசையோடு 'என்' அழுத்துங்கள். புதிய ஃபைலுக்கான சன்னல் திறக்கும். ஒவ்வொரு கட்டமாகப் போவோம்.

முதல் கட்டம் பெயர். மென்பொருள் தானாக 'அன்டைட்டில்டு-1' என்று வைத்திருக்கும். தலைப்பில்லாதது என்று பொருள். அப்படியே விட்டால் கடைக் கம்ப்யூட்டரில் ஆயிரம் தலைப்பில்லாதவற்றில் ஒன்றாகி அடுத்த ஆண்டு தேடினாலும் கிடைக்காது. ஆண்டு, நாள், ஊர், அளவு நான்கையும் சேர்த்துப் பெயர் வையுங்கள். யார் எப்போது திறந்தாலும் இது என்னவென்று தெரிய வேண்டும்.

அடுத்தது அகலமும் உயரமும். இந்தச் சன்னலில் அங்குலம், சென்டிமீட்டர், பிக்சல் எல்லாம் உண்டு, அடி கிடையாது. 6 அடிக்கு 8 அடிப் பேனர் என்றால் 72 அங்குலம், 96 அங்குலம் என்று போட வேண்டும். ஆனால் எண்ணைப் போடுவதற்கு முன்னால் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். எத்தனை பேர், எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க வேண்டும்? பலகை எழுதுகிறவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. ரோட்டுக்கு அந்தப் பக்கம், 20 அடித் தூரத்தில் பஸ்சுக்கு நிற்கிற ஒரு பாட்டிக்கு அந்தப் பேர்கள் தெரிய வேண்டுமென்றால் எழுத்து 2 அங்குலம் வேண்டும். மேலே சுழியும் கீழே காலும் உள்ள நம் எழுத்துக்கு வரிக்கு மூன்றரை அங்குலமாவது விட வேண்டும். 17 வரிக்கு ஏறத்தாழ 60 அங்குலம், அதாவது 5 அடி. 8 அடியில் மிச்சம் 3 அடி. அதில் தலைப்பு, தேதி, கொக்கிரகுளம் என்ற ஊர்ப்பெயர், ஒரு படம். அனுமதி வாங்கிய பேனர் என்றால் அனுமதி எண்ணுக்கும் நாளுக்கும் அடியில் ஒரு பட்டை. அவ்வளவுதான், இடம் தீர்ந்தது.

"அப்ப துட்டு போட்டவங்க படம்?" என்று எங்கள் படிப்பகத்தில் ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. கூலி வேலைக்குப் போய் நூறும் இருநூறுமாகக் கொடுத்தவர்கள் அவர்கள். தன் முகம் தெருமுனையில் நிற்பதை இந்த ஊர் அனுமதிக்காத காலத்தைப் பார்த்தவர்களின் பிள்ளைகள். அவர்கள் ஆசையை நான் இளக்காரமாகப் பார்க்க மாட்டேன். அதற்கு வேறு பேனர் போடுவோம், வேறு நாளில். இந்தப் பேனரில் 'ஊர்ப் பொதுமக்கள்' என்று ஒரு வரி போதும் என்று பேசி முடிவெடுத்தோம். அந்த வாக்குவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. பழைய ஃபைலைத் திறந்திருந்தால் அந்தப் பேச்சே நடந்திருக்காது.

மூன்றாவது கட்டம் ரெசல்யூஷன். ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு. கையில் பிடித்துப் படிக்கும் துண்டறிக்கைக்கு 300 வேண்டும். ஏ4 தாள் என்றால் 2480க்கு 3508 பிக்சல் வரும். தூரத்திலிருந்து பார்க்கும் பிளக்சுக்கு 72 முதல் 100 வரை போதும். 6க்கு 8 அடிப் பேனரை 72இல் போட்டால் 5184க்கு 6912 பிக்சல். அதையே 300இல் போட்டால் ஃபைல் சுமார் 17 மடங்கு கனமாகும். படிப்பகத்துப் பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கி நின்றுவிடும். இதெல்லாம் எந்தக் கடையிலும் சொல்லித் தருவார்கள். சொல்லித் தராத ஒன்று உண்டு: ரெசல்யூஷன் கட்டத்தில் எவ்வளவு பெரிய எண்ணைப் போட்டாலும், படத்தில் இல்லாத முகம் அதனால் வந்துவிடாது.

நம் வீடுகளில் இறந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு படம்தான் இருக்கும். ஏதோ ஒரு அட்டைக்காக எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம். வசதியான வீட்டில் ஒருவர் இறந்தால் நூறு படத்திலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நமக்கு அந்த ஒன்றை யாரோ செல்போனில் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை இன்னொருவர் அனுப்பி, கடைசியில் கடைக்கு வரும்போது முகம் 150 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கியிருக்கும். பிளக்சில் அது 2 அங்குலம். அதை ஓர் அடிக்கு இழுத்தால் முகம் கட்டம் கட்டமாகச் சிதறும்.

வழி இருக்கிறது. அந்த வீட்டுக்குப் போங்கள். அசல் படத்தைக் கேட்டு வாங்குங்கள். மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை 600 ரெசல்யூஷனில் ஸ்கேன் செய்தால் 827க்கு 1063 பிக்சல் கிடைக்கும். பிளக்சில் அது 11 அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள தெளிவான முகம். ஸ்கேன் செய்த அன்றே படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது அந்த வீட்டின் சொத்து. வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், பிக்சல் குறையாது. முகத்தைத் 'தெளிவாக்கித்' தருகிறேன் என்று இப்போது வரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவை இல்லாத கண்ணையும் தோலையும் கற்பனை செய்து வரைகின்றன. வழவழவென்று ஒரு முகம் வரும். அது அந்த அக்காவின் முகமாக இருக்காது. மங்கலான உண்மையான படத்தைச் சிறிதாகப் போடுவதே மரியாதை.

நான்காவது கட்டம் நிற முறை. திரைக்கு ஆர்.ஜி.பி., அச்சுக்கு சி.எம்.ஒய்.கே. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் ஆனது. பிளக்ஸ் இயந்திரம் சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகளால் அடிக்கிறது. நீலம் நமக்கு வெறும் நிறம் கிடையாது. அம்பேத்கர் 1942இல் தொடங்கிய பட்டியலினத்தோர் கூட்டமைப்பின் கொடியிலிருந்து நம் தெருமுனைச் சிலைகளின் கோட்டு வரை அது நம்மோடு வருகிறது. அந்த நீலம்தான் அச்சில் முதலில் ஏமாற்றும். திரையில் பளிச்சென்று இருக்கும் நீலத்தைச் சி.எம்.ஒய்.கே.க்கு மாற்றினால் வழக்கமான அமைப்பில் சியான் 88, மெஜந்தா 77 என்று வரும். இரண்டும் நெருங்கிவிட்டதால் பேனரில் அது கத்தரிப்பூ நிறமாக இறங்கும். ஏப்ரல் 14 அன்று கத்தரிப்பூ நிறக் கோட்டில் நிற்கும் அம்பேத்கரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொடக்கத்திலேயே சி.எம்.ஒய்.கே. தேர்ந்தெடுத்து, சியானுக்கும் மெஜந்தாவுக்கும் குறைந்தது 30 இடைவெளி விடுங்கள். சியான் 100, மெஜந்தா 60 என்று வைத்தால் நீலம் நீலமாகவே நிற்கும். கடை எந்த முறையில் ஃபைல் கேட்கிறது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், சில கடைகள் ஆர்.ஜி.பி.யில் வாங்கித் தாங்களே மாற்றுகின்றன.

நிறம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை தன் தாத்தாவின் நினைவு நாளுக்குப் பேனர் அடிக்கக் கொடுத்திருந்தாள். கரிய மனிதர், உப்பளத்தில் உழைத்தவர். பேனரில் ரோஸ் நிறத்தில் ஒருவர் வந்தார். "ஏம்ணே, எங்க தாத்தாவ வேற யாரோ மாதிரி ஆக்கிட்டாங்க" என்று அழாத குறையாகச் சொன்னாள். கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வருகிற முகத்தையெல்லாம் வெளுப்பது அவருக்குப் பழக்கம். 'லட்சணமாத் தெரியணும்லா' என்பது அவர் விளக்கம். கருப்பு லட்சணமில்லை என்பதை அவருக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. இந்தச் சமூகத்திலிருந்து தானாக வந்தது. அச்சில் கருமையான பகுதிகள் இன்னும் அடர்ந்து கட்டிதட்டிவிடும் என்பது உண்மைதான். அதற்கு நிழல் விழுந்த பகுதியை மட்டும் லேசாகத் திறந்துவிட்டால் போதும். கண்ணும் கன்னமும் தெரியும், தோல் நிறம் மாறாது. இதை நீங்கள் செய்தால்தான் நடக்கும்.

கடைசிக் கட்டம் பின்னணி. தானாக வெள்ளை என்று இருக்கும். விட்டுவிடுங்கள். பிளக்சில் வெள்ளை என்றால் அங்கே மை விழாது, துணியின் வெண்மைதான் தெரியும். நிறைய இடத்தை அப்படியே காலியாக விடப் பழகுங்கள். பேர்களுக்கு மூச்சுவிட இடம் வேண்டும்.

எழுத்துக்கு வருகிறேன். போட்டோஷாப்பில் யுனிகோடு தமிழை ஒட்டினால் சில சமயம் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே விலகி நிற்கும். பழைய பதிப்புகளில் பிரிஃபரன்சஸ் பகுதியில் டைப் என்பதைத் திறந்து தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். கடைகள் பழைய எழுத்துரு முறைகளிலேயே அடிப்பதால், நீங்கள் கொடுத்த பேரை அவர்கள் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்கிறார்கள். பிழை நுழைவது அங்கேதான். யுனிகோடில் நீங்களே அடித்து முடித்த ஃபைலைக் கொடுத்தால் ஒருவர் பேரும் சிதையாது.

இவ்வளவையும் நாமே ஏன் செய்ய வேண்டும், காசு கொடுத்தால் கடையில் செய்துதர மாட்டார்களா என்று கேட்கலாம். ஒருமுறை ஒரு கடையில் ஜூலை 23 பேனருக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த வாசகத்தில் 'காவல்துறை தடியடியில்' என்ற சொற்கள் அச்சாகி வந்தபோது இல்லை. "வம்பு எதுக்கு அண்ணாச்சி, நாளைக்கு எங்கிட்டத்தான வந்து கேப்பாங்க" என்றார் கடைக்காரர். அவர் பயம் அவருக்கு. ஆனால் அந்தச் சொற்கள் போனால் 17 பேர் ஏதோ ஆற்றில் குளிக்கப் போய் இறந்தது போல ஆகிவிடும்.

இது நமக்குப் புதிய பிரச்சினையும் கிடையாது. 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். காசு தருகிறோம், இதழைப் பற்றி ஓர் அறிவிப்பு போடுங்கள் என்று கேட்டபோது திலகரின் 'கேசரி' மறுத்துவிட்டது. அதற்கும் முன்பே 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். அடுத்தவர் தாளில் இடம் கேட்டு நிற்காமல் தங்கள் தாளைத் தாங்களே உண்டாக்கினார்கள். கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவில் கருஞ்சிறுத்தைகள் இயக்கப் பத்திரிகையை 1967 முதல் வடிவமைத்த எமோரி டக்ளஸ், அச்சு வேலையை முதலில் கற்றது சிறுவர் சீர்திருத்தச் சிறையின் அச்சகத்தில். கருப்போடு இன்னொரு மை மட்டும் வாங்கக் காசிருந்த நாட்களில் அந்த இரண்டையும் வைத்தே இன்றும் பேசப்படும் படங்களைச் செய்தார். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பெயரெடுத்துக்கொண்டது அந்த இயக்கத்திடமிருந்துதான்.

அவர்களோடு ஒப்பிட்டால் நமக்குக் கருவி மலிவு. போட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட முடியாவிட்டால் கிம்ப், கிரிட்டா இரண்டும் இலவசம். கிம்ப்பில் யுனிகோடு தமிழ் ஒழுங்காக வரும். சி.எம்.ஒய்.கே.யில் நேரடியாக வேலை செய்ய கிரிட்டா உதவும். போனுக்குத் தனி ஃபைல் செய்யுங்கள், பேனரைச் சுருக்கி ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். 1080க்கு 1920 அளவில் வரிக்கு 80 பிக்சல் என்று 17 பேரைப் போட்டால்கூட தலைப்புக்கு 560 பிக்சல் மிஞ்சும்.

வேலை முடிந்ததும் கடைக்கு ஜேபெக்கை மட்டும் கொடுங்கள். லேயர்கள் உள்ள பி.எஸ்.டி. ஃபைல் உங்களிடம் இருக்கட்டும். படிப்பகத்துக் கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வேறு ஊர்த் தோழர் ஒருவரிடம் ஒன்று. 1914இல் மறைந்த அயோத்திதாசரின் எழுத்துகள் பெரும் தொகுப்பாக வந்தது 1999இல். ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. கொக்கிரகுளத்தில் 17 பேர் இறந்த அதே ஆண்டு, ஆற்றின் அதே கரையில். பழைய இதழ்களை யாரோ பத்திரப்படுத்தி வைத்திருந்ததால்தான் 85 ஆண்டுகள் கழித்தும் அது முடிந்தது.

இந்த ஜூலைக்கான ஃபைலை இன்றே திறந்து பெயர் வைத்துவிடுங்கள். பேர்களை இணையத்திலிருந்து எடுக்காமல், அன்று ஊர்வலத்தில் நடந்த பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கடைக்கு அனுப்புமுன் நான்கு பேர் உட்கார்ந்து ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் எண்ணுங்கள். 17 இருக்க வேண்டும்.

ஜெய் பீம்.